வலது தோளும் ஒரு கோல்பாலிஷும்

மார்கழிக் காலையில், டாலிகஞ்ச் தெருவொன்றில், குரங்குக் குல்லாய் போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் ஆள் நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஊரின் பெருந்தன்மைகளில் அதுவும் ஒன்று. அந்த உருளைத் தலையணைக்குக் கோல்பாலிஷ் என்று பெயர். தலைக்கு வைப்பதற்கல்ல, கட்டிக்கொண்டு தூங்குவதற்கு. வங்காளி வீடுகளில் அது ஒரு குடும்ப உறுப்பினர். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத நாட்களில் நடுவில் படுத்து, யார் பக்கமும் சாயாமல் இருப்பது அது ஒன்றுதான்.

சென்ற குளிர்காலம் முழுவதும் நானும் அப்படித்தான் நடந்தேன். தெருமுனையில் இன்னும் சிலர் சேர்ந்துகொள்வார்கள். பனிமூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொருவரும் நடக்க முடியாத உறவினர் ஒருவரைத் தாங்கி அழைத்து வருவது போலிருக்கும். எல்லோரும் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது கட்டடத்துக்குப் போய், படியேறி, மொட்டை மாடியில் பாய் விரித்து, உறவினரைப் பக்கத்தில் கிடத்தி, தாங்களும் படுத்துக்கொள்வார்கள். அதுதான் யோகா வகுப்பு.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் வலது தோள். அது கோடையில் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இந்த ஊரில் இத்தனை வருடம் வாழ்ந்த உறுப்பு வேறு எப்படி நடந்துகொள்ளும்? கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஃப்ரோஸன் ஷோல்டர். தானா உருகும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்" என்றார், இமயமலைப் பனியைப் பற்றிப் பேசுவது போல. சட்டையைக் கொடியில் போட முடியவில்லை. முதுகைச் சொறிய முடியவில்லை. யோகத்தைப் பற்றி நான் வாங்கி வைத்திருந்த நூல்கள் எல்லாம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. அவற்றையும் எட்ட முடியவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் மருமாளுக்கு, அதாவது தங்கை பெண்ணுக்கு, மாசியில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் மாலை மாற்றுவது ஒரு விளையாட்டு. பெண்ணை அவளுடைய மாமா தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையை அவன் பக்கத்தார் தூக்குவார்கள். எதிர்ப்பக்கத்து மாலை எட்டாதபடி இவர்களும் அவர்களும் மேலே மேலே தூக்க, கூட்டம் கத்தும். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். நிச்சயம் ஆன அன்றே மருமாள் சொல்லிவிட்டாள்:

"மாமா, நீதான் தூக்கணும். வேற யாரும் கூடாது."

பிள்ளை வங்காளி. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அவன் வீட்டார் இந்தத் தூக்கல் விவகாரத்தைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், அதையே சாக்காக வைத்து நழுவிவிடலாம் என்று நம்பியிருந்தேன். விசாரித்ததில், அவர்கள் வழக்கத்திலும் பெண்ணை மணைப்பலகையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு பிள்ளையைச் சுற்றி வருவார்களாம். வெற்றிலையால் அவள் முகத்தை மறைத்துக்கொள்வாளாம். கல்யாணத்தன்று பெண்ணைத் தரையில் விடக் கூடாது என்பதில் இரண்டு இனங்களும் எப்போதோ ஒப்பந்தம் போட்டிருந்தன.

இதற்கிடையில் பெங்களூரிலிருந்து என் சித்தி பிள்ளை போன் செய்தான். அவன் ஜிம்முக்குப் போகிறவன். அவன் அனுப்பும் படங்களில் முகத்தைவிடக் கைகள் தெளிவாக இருக்கும்.

"அண்ணா, ஒன்னால முடியலேன்னா சொல்லிடு. நானும் மாமா முறைதானே? தூக்கிக் காட்டறேன், கார்டன் ரீச்லேர்ந்து பாத்தா தெரியும்."

யோகா வகுப்பைக் கண்டுபிடித்தவள் என் மனைவி.

"கீழாத்து மாஷிமா போறாளாம். அவ முட்டியே மடங்கறதாம் இப்போ. நீங்களும் போங்கோ. தோள் சரியாகாட்டாலும் கார்த்தாலே கொஞ்ச நேரம் பேசாம இருப்பேள்."

கீழ்வீட்டு அம்மாளை எல்லோரும் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்பது போல, வகுப்பை நடத்துபவரைத் தீதி, அதாவது அக்கா, என்றார்கள். என் வயதிருக்கும். நரைத்த முடியை வெட்டி விட்டிருப்பார். சால்வை போர்த்தியிருப்பார். அவர் பேசுவது வங்காளி, இடையிடையே எனக்காக இந்தி. என் காதில் தமிழாக விழுந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் நாள் என்னைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"எப்படி இருக்கு?"

நான் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். கிளை கிளையாகப் போய், கூரை ஒழுகும் அறையில் உட்கார்ந்து, எல்லாம் திருப்திகரம் என்று எழுதிவிட்டு வருவது என் தொழில். "திருப்திகரமாக இருக்கிறது" என்றேன்.

"அது உங்க அபிப்பிராயம். நான் கேட்டது செய்தி. வலது தோள் தரையில படுதா, படலையா?"

யோசித்தேன். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் தோள். அது தரையில் படுகிறதா என்று தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கப் போனேன்.

"பார்க்கக் கூடாது. உள்ளேயிருந்து சொல்லுங்க."

உள்ளே போனேன். அங்கே யாரும் இல்லை. இருட்டாக இருந்தது. விளக்கைப் போடும் ஸ்விட்ச் எங்கே என்றும் தெரியவில்லை.

"சரி, கையைத் தூக்குங்க. வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துங்க."

தூக்கினேன். வலித்தது. நிறுத்தினேன்.

"அது வலிச்ச பிறகு. நான் சொன்னது முன்னாடி."

"வலித்தால்தானே வலிக்கும் என்று தெரியும்?"

"அதை மாத்தத்தான் இங்கே எல்லாரும் வர்றாங்க. ஆஸ்தே, ஆஸ்தே." வங்காளியில் ஆஸ்தே என்றால் மெதுவாக. அந்தச் சொல்லை அவர் சொல்லும் விதத்திலேயே ஒரு தூக்கம் இருந்தது. "இப்போ அதுல பாதி தூக்குங்க. நல்லது. இப்போ அந்தப் பாதியில பாதி. மூச்சு வெளியே போகும்போது."

பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனதில், கடைசியில் கையைத் தூக்குவது பற்றிய ஓர் எண்ணம்தான் மிஞ்சியது. அதையும் பாதியாக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்ன பண்ணினேள் இன்னிக்கி?"

"கையைத் தூக்கலாம்னு நெனச்சோம்."

"அதை ஆத்துலேயே பண்ணியிருக்கலாமே. கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்ணிண்டிருக்கேள்?"

அந்த மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவருக்கு அப்பால் ஒரு படப்பிடிப்புத் தளம். ஏதோ தொடருக்காக விடியற்காலையிலேயே வெளியே படம் பிடிப்பார்கள். நாங்கள் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது ஒரு பெண் குரல், "ஜேயோ நா" என்று கெஞ்சும். போகாதே என்று பொருள். யாரோ 'கட்' என்பார்கள். மறுபடி, "ஜேயோ நா." மறுபடி 'கட்'. அவளுக்குத் திருப்தியாக அவனை வழியனுப்ப முடியவே இல்லை. மேலே பருந்துகள் சீழ்க்கையடிக்கும். மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டு மேம்பாதையில் ஏறும் மெட்ரோவின் ஓசை, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல வரும். கீழ்வீட்டு மாஷிமா முதலிலேயே தூங்கிவிடுவார். அவருடைய குறட்டையை வைத்து நாங்கள் மூச்சைச் சீராக்கிக்கொள்வோம். தீதி அவரை எழுப்பியதே இல்லை. "உடம்பு எதுக்கு வந்ததோ அதை வாங்கிக்கிட்டுப் போகுது" என்பார்.

தீதியின் குரல் உடம்பு முழுவதும் நடந்து வரும். குதிகால். கெண்டைக்கால். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழி. அங்கே ஒரு குழி இருக்கிறது என்பதையே நான் அப்போதுதான் அறிந்தேன். குரல் இடுப்புக்கு வரும்போது நான் பெரும்பாலும் வேறெங்கோ போயிருப்பேன். அது தூக்கம் அல்ல, விழிப்பும் அல்ல. மாடி மெல்ல நகர்வதாகத் தோன்றும். குடியிருப்பின் எல்லாக் கோல்பாலிஷ்களும் கயிறு அவிழ்ந்த படகுகள் போல நதியில் மிதந்து போகும். கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் பாதி கட்டிய கப்பல்கள் விலகி வழிவிடும். பனிக்குள்ளிருந்து ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தை நீட்டி, தணிக்கை முடிந்ததா என்று கேட்கும். எல்லாம் திருப்திகரம் என்று எழுதக் கை போகும், பேனா பஞ்சாக இருக்கும்.

அந்த ஒட்டகச்சிவிங்கி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அலிப்பூர் மிருகக்காட்சி சாலையிலிருந்து. மருமாள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போயிருந்தோம். கூட்டத்தில் அவளுக்குத் தெரியவில்லை என்று நான் தோளில் தூக்கிக்கொண்டேன். அவளுடைய செருப்பு என் மார்பில் தட்டியது. இரண்டு கையாலும் என் முடியைப் பிடித்துக்கொண்டாள், அப்போது பிடிக்க முடி இருந்தது. ஒட்டகச்சிவிங்கி வேலிக்கு வந்து கழுத்தைத் தாழ்த்தி அவளை நேருக்கு நேர் பார்த்தது. என் வாழ்க்கையில் யாரையாவது நான் உயர்த்தியது உண்டென்றால் அந்த ஒரு முறைதான். இத்தனை ஆண்டுகளாக அதை நான் மனதில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது, அது வலது தோளில் இருந்தது. அந்தச் செருப்பின் கனம்கூட அங்கே அப்படியே இருந்தது.

மெல்ல மெல்ல செய்திகள் வர ஆரம்பித்தன. பத்திரிகை படிக்கும்போது நான் மூச்சு விடுவதில்லை. மெட்ரோவில் கைப்பிடியைக் கையால் மட்டுமல்ல, பல்லாலும் பிடித்துக்கொள்கிறேன். கடித்த தாடையை விட்டால் ரயில் கவிழ்ந்துவிடும் என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்திருக்கிறேன். மேலதிகாரி போன் செய்தால், வலது தோள் அவர் சொல்வதை நேரடியாகக் கேட்டுக்கொள்ள விரும்புவது போல, காதுவரை ஏறிவிடுகிறது. இத்தனை வருடம் இப்படி ஓர் ஆள் எனக்குள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

தை பிறந்தபோது சட்டையைக் கொடியில் போட முடிந்தது. உடனே எனக்குப் பேராசை வந்துவிட்டது.

இங்கேதான் எங்களவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். லேக் மார்க்கெட்டிலிருந்து இட்லி அரிசி மூட்டை வந்து இறங்கியிருந்தது. மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். சமையலறை வாசலில் நின்ற மூட்டையைப் பார்த்தேன். ஏறக்குறைய குட்டையான ஒரு பெண் நிற்பது போலிருந்தது. மருமாள் இதைவிடக் கனம், ஆனால் அவள் ஒத்துழைப்பாள். பாதியில் பாதி எல்லாம் மாஷிமாவுக்குச் சரி, நமக்கு மாசி நெருங்கிவிட்டது என்று தோன்றியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். குனிந்து கட்டிப்பிடித்து, பெங்களூர்க்காரனை நினைத்துக்கொண்டு, தோளை நோக்கி ஒரே தூக்கு.

தோளுக்குள் ஏதோ ஒன்று வங்காளியில் திட்டியது.

மனைவி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூட்டை என் மடியில் இருந்தது.

"ஏன்னா, அரிசி ஒங்க மேல விழுந்துதா, நீங்க அரிசி மேல விழுந்தேளா?"

"ஒத்திகை."

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கு. மாலை மாத்தறத்துக்கு."

அவள் மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. மாப்பிள்ளை யாரு, உளுந்தா?"

மறுநாள் காலை கோல்பாலிஷை இடது கையில் இடுக்கிக்கொண்டு மாடியேறினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாயை விரிப்பதற்குள் தீதி பார்த்துவிட்டார்.

"யாரைத் தூக்கினீங்க?"

"அரிசியை."

வகுப்பு நின்றது. மாஷிமா தூக்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "எந்த அரிசி? கோபிந்தபோகா?" என்றார். இல்லை, இட்லி அரிசி என்றேன். அவருக்கு சுவாரசியம் போய்விட்டது, மறுபடி படுத்துக்கொண்டார்.

தீதியிடம் முழுவதையும் சொன்னேன். மாலை, மாமா, தோள், பெங்களூர், எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளுக்குக் கீழே தலையணையைச் செருகிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாடி நானும் வேற மாதிரிதான் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடி வெச்ச ஹால். பாட்டு. 'இன்னும், இன்னும்'னு கத்துவேன். ஒருநாள் நான் போட்டுக் காட்டின ஆசனத்துலேயே என் இடுப்பு போச்சு. சிரிச்சுக்கிட்டே வகுப்பை முடிச்சேன். வீட்டுக்குப் போக டாக்ஸிக்குள்ள உட்கார முடியலை. அன்னிக்குத்தான் யோசிச்சேன், என் வகுப்புல எத்தனை பேர் வலியோட இப்படிச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாங்களோன்னு." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணை ஒண்ணு கேட்டீங்களா?"

"அவள்தானே தூக்கச் சொன்னாள்?"

"தூக்கச் சொன்னா. சரி. மேலே போனா அவ உடம்புக்கு எப்படி இருக்கும்னு கேட்டீங்களா? தூக்கறவருக்கு மட்டும்தானா உடம்பு?"

சுவருக்கு அப்பால் அந்தப் பெண் "ஜேயோ நா" என்றாள். 'கட்' என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருமாள் வந்தாள், புதுவெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு. ரவிக்கை அளவு சம்பந்தமாக மாமியிடம் ஏதோ பேசிவிட்டு, பால்கனியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த ஊரில் பிறந்தவள். அவள் தமிழில் எல்லா எழுத்துக்களும் கொஞ்சம் உருண்டையாக இருக்கும். கேட்டேன்.

"நான் தூக்கினா ஒனக்கு எப்படி இருக்கும்?"

"இது என்ன கேள்வி மாமா?" சிரித்தாள். பிறகு சந்தேஷில் ஒரு விள்ளலை எடுத்து, வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். "ஷோனோ மாமா, கேளு. யாருட்டயும் சொல்லாதே. எனக்கு பயம்."

"எதுக்கு?"

"மேல போறதுக்கு. சென்னைல என் ஃப்ரெண்ட் கல்யாணத்துல பாத்தேன். அவளை பந்து மாதிரி தூக்கித் தூக்கிப் போடறா. எல்லாரும் கத்தறா. அவ சிரிச்சுண்டே இருக்கா. கை மட்டும் தூக்கினவர் காதைப் பிடிச்சுண்டிருக்கு, செவந்தே போச்சு காது."

"பயம்னா என்னை எதுக்குத் தூக்கச் சொன்னே?"

"நீன்னா எறக்கி விட்டுடுவே."

எனக்கு விளங்கவில்லை.

"ஜூல ஜிராஃப் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஒன்னை அது கண்ணுக்கு நேரா..."

"நான் அழுதேன் மாமா. அவ்ளோ பெரிய கண்ணு, அவ்ளோ கிட்டக்க. சத்தமே வரலை. உன் முடியைத்தான் பிடிச்சேன். அப்பா, அம்மா, பக்கத்துல நின்னவா எல்லாரும் 'பயப்படாதே, பாரு பாரு'ன்னா. நீ ஒண்ணுமே சொல்லலை. குனிஞ்சு என்னை எறக்கி விட்டுட்டே. அதுக்கப்பறம் நான் தரைல நின்னுண்டு அதைப் பாத்தேன். அப்போ நன்னா இருந்துது."

நான் அந்தக் காட்சிக்குள் மறுபடி போய்த் தேடினேன். குனிந்ததாக நினைவில்லை. என் நினைவில் அவள் இன்னும் இறங்கவே இல்லை. இத்தனை காலமும் செருப்போடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் உடம்பு என்னைக் கேட்காமலே அந்தப் பிடியின் பொருளைப் புரிந்துகொண்டு, முழங்காலை மடக்கியிருக்கிறது. நான் செய்ததிலேயே உருப்படியான யோகாசனம் அதுதான் போலிருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை.

"அப்போ வேண்டாம்னு சொல்லிடலாமே?"

"தூர்!" என்றாள். வங்காளிகளின் அந்தத் 'தூர்'ருக்கு, 'போ, இதெல்லாம் ஒரு பேச்சா' என்று அர்த்தம். "அம்மாக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம்?"

அவள் குனிந்து, தரைக்கு மேலே உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். ஒரு சாண் இருக்கும்.

ஆக, மண்டபம் முழுக்கக் கத்தும்போது, இந்தத் தோளை வைத்துக்கொண்டு, அவளை ஒரு சாண் மட்டும் தூக்கி, அவள் பிடி இறுகினால் இறக்கிவிட வேண்டும். வேறு யார் தூக்கினாலும் அந்த ஒரு சாணில் நிற்க மாட்டார்கள். மூட்டையைத் தோளில் ஏற்றுவதைவிட இது கஷ்டமான வேலை என்று எனக்கே தெரிந்தது.

தீதி அதற்குப் பிறகு என் தோளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். "அது வரலைன்னு சொல்லிடுச்சு. வராதவங்களை வற்புறுத்தாதீங்க. வர்றவங்க யாருன்னு பாருங்க." வந்தவை குதிகால்கள். பிறகு தொடை. பிறகு வயிறு, அதிசயமாக. கோல்பாலிஷை மார்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி நிமிர வேண்டும். தோள் சும்மா இருக்கலாம், வேடிக்கை பார்க்கலாம். ஒரு மூச்சுக்குள் எவ்வளவு உயருமோ அவ்வளவுதான். பனியில் அப்படி நின்றுகொண்டு, பஞ்சுக்குள்ளிருந்து வரும் பழைய வெயிலின் வாசனையை முகர்ந்தபடி, நான் சில சமயம் எதற்காக இதைச் செய்கிறேன் என்பதையே மறந்துவிடுவேன். தீதி மறக்கவிட மாட்டார்: "ஆஸ்தே. இறக்கறதும் ஆஸ்தே. பாதிப் பேர் தூக்கறப்போ கவனமா இருக்காங்க, இறக்கறப்போ போட்டுடறாங்க."

மருமாள் ஒருநாள் அலுவலகத்துக்குப் போகும் வழியில் வகுப்புக்கு வந்தாள். எங்கள் இருவரையும் முதுகோடு முதுகு சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார் தீதி. அவளிடம், "உன் எடையை அவருக்குக் கொடு. எல்லாம் வேண்டாம். கொடுக்கத் தோணற அளவு" என்றார். முதலில் ஒன்றுமே வரவில்லை. ஒரு துணியின் கனம். பிறகு அவள் மூச்சு என் முதுகில் தெரிந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடை வந்தது. அது மூட்டையின் எடை போல இல்லை. தானாக வந்த எடை. மாஷிமா குறட்டையை நிறுத்தி, "மேய்ட்டா பாலோ" என்றார். நல்ல பெண் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

மாசியில் ஒரு காலை. ஏரிக்கரைப் பக்கத்து மண்டபம். கார்டன் ரீச் நண்பர்களுக்கு இந்த விளையாட்டின் விதிகளை யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர்கள் அதை உடனே கால்பந்தாக மாற்றிக்கொண்டார்கள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போக, பிள்ளையைத் தூக்கி இரண்டு பேர் தோளில் ஏற்றி, "கோல்!" என்று கத்தினார்கள். அவன் தலை தோரணத்தில் இடித்தது.

எங்கள் பக்கத்தில் பெங்களூர்க்காரன் சட்டையைக் கழற்றியாயிற்று. "அண்ணா, நகரு."

என் மனைவி அவன் கையில் இரண்டு தேங்காயையும் ஒரு தாம்பாளத்தையும் திணித்தாள். "நீ இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோடாப்பா. ஒன்னை மாதிரி பலசாலிதான் வேணும் இதுக்கு."

நான் மருமாள் முன்னால் போய் நின்றேன். பட்டுப்புடவை, நகை, பூ. கண்ணில் ஒட்டகச்சிவிங்கி.

"ஒரு சாண்" என்றேன்.

"ஒரு சாண்" என்றாள்.

குனிந்து அவள் முழங்காலுக்கு மேலே அணைத்துக்கொண்டேன், அந்தக் காலைகளில் பஞ்சை அணைத்த மாதிரியே. குதிகாலைத் தேடினேன், இருந்தது. மூச்சை வெளியே விட்டேன். அவளும் விட்டாள், அது என் தலைக்கு மேலே கேட்டது. எடை வந்தது. தரை அவளை விட்டது.

ஒரு கணம் கூட்டத்துக்கு நான் அவளைத் தூக்கியிருக்கிறேன் என்றே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. "இவ்வளவுதானா?" என்று யாரோ கத்தினார்கள். "மாமாக்கு சாப்பாடு போடலையா? இன்னும் மேல! இன்னும்!" பின்னாலிருந்து தேங்காய்களோடு ஒரு குரல், "அண்ணா, நான் வரட்டுமா?" தோள் பழைய வழக்கப்படி காதை நோக்கி ஏறப் பார்த்தது. நீ வேடிக்கை பார் என்று அதனிடம் சொன்னேன். அவள் கை என் தலைக்கு வந்தது. பிடிப்பதற்கு முடி இல்லை. பிடிக்கவும் இல்லை. உள்ளங்கை விரிந்து, வழுக்கையின் மேல் சும்மா படுத்துக்கொண்டது.

அப்படியே நின்றோம். எதிரே பிள்ளை விட்டத்துக்குப் பக்கத்தில், மாலையும் கையுமாக, இவளை எட்ட வழியில்லாமல் இருந்தான். நண்பர்கள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எங்களைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நண்பர்களின் தலையைத் தட்டி, வங்காளியில், இறக்கு, இறக்கு என்றான். அவர்கள் ஏமாற்றத்தோடு இறக்கினார்கள். அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்து, கழுத்தை நீட்டி நின்றான். அவள் மாலையைப் போட்டாள். அவனும் போட்டான். நான் அவளை இறக்கினேன். முதலில் அவளுடைய கால்விரல்கள் தரையைத் தொட்டதும், பிறகு பாதம் வந்ததும், என் கைகளுக்குத் தெரிந்தது. கடைசி எடையும் தரைக்குப் போன பிறகுதான் கையை எடுத்தேன்.

பந்தியில் தீதி என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மாஷிமா, மூன்றாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டு.

"என்ன தெரிஞ்சது?" என்றார் தீதி, ரசத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருப்திகரம் என்று வாய்வரை வந்துவிட்டது. தொழில் பழக்கம். விழுங்கிவிட்டேன்.

"குதிகால் ரெண்டும் தரையில இருந்தது. தோள் கொஞ்சம் வலிச்சது, இப்பவும் வலிக்கிறது. அவ கை என் தலையில. பிடிக்கலை, விரிஞ்சிருந்தது."

தீதி தலையாட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

தோள் இன்னும் முழுக்க உருகவில்லை. மேல்தட்டுப் புத்தகங்கள் மேல்தட்டிலேயே இருக்கின்றன. அது பரவாயில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளை வீட்டு முறைப்படி இன்னொரு சடங்கு நடந்தது. மருமாள் சிவப்புப் பனாரஸ் புடவையில் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வெற்றிலைகளால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். கார்டன் ரீச் நண்பர்கள் காலையில் பாதியில் நின்ற ஆட்டத்தை முடிக்கும் உற்சாகத்தோடு கைகளைத் தேய்த்துக்கொண்டு நாலு பக்கமும் நின்றார்கள். பெங்களூர்க்காரனும் ஒரு மூலையைப் பிடித்திருந்தான், ஒருவழியாக. பெண்கள் குலவையிட்டார்கள். சங்கு ஊதினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கலாமா என்று முழங்கால் கேட்டது.

பலகை எழும்பியது. ஓர் ஆட்டம் ஆடியது. வெற்றிலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி:

"ஆஸ்தே!"

நாலு பேரும் நின்றார்கள். பிறகு, கனமாகத் தூங்கும் யாரையோ சுமந்து செல்பவர்கள் போல, மெல்ல நடக்க ஆரம்பித்தார்கள்.